இசட் புள்ளியும் பல்கலைக்கழக வாயிலும்

க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாளில், யாழ்ப்பாணக் குடாநாட்டின் வீடுகளில் எழும் வினா ஒன்றே: பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் கிடைக்குமா? மூன்று பாடங்களிலும் 'ஏ' சித்தி பெற்றவர் மருத்துவ பீடத்துக்குத் தெரிவாகாமற் போவதுண்டு. அவரிலும் குறைந்த பெறுபேறு பெற்ற வேறு மாவட்டத்தவர் தெரிவாவதும் உண்டு. காரணம் அறியாதார் விதியை நோவர். அறிந்தார் கணக்கை நோக்குவர்.

இக்கணக்குக்கு ஒரு வரலாறு உண்டு. 1942இல் தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகம், பரீட்சைத் திறமையையே நெடுங்காலம் அளவுகோலாகக் கொண்டிருந்தது. 1971ஆம் ஆண்டு அனுமதியில், பொறியியற் பீடத்துக்குச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 227 புள்ளி போதுமாயிருக்க, தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 வேண்டப்பட்டது. தரப்படுத்தலும், 1974இல் மாவட்டப் பங்கீடும் தொடர்ந்தன. யாழ்ப்பாண இளைஞரிடையே இவை மூட்டிய கசப்பு நாட்டின் அரசியலையே மாற்றிற்று. எனினும், மாவட்டப் பங்கீட்டினால் மன்னார், வவுனியா, மட்டக்களப்பு ஆகிய பகுதிகளின் தமிழ் மாணவர் சிலருக்கு முன்னில்லாத வாயில் திறந்ததும் உண்மையே. மொழிவாரித் தரப்படுத்தல் பின்னர் கைவிடப்பட்டது. மாவட்ட முறை திருத்தங்களோடு நிலைத்தது.

இப்போது மருத்துவம், பொறியியல் முதலான பெரும்பாலான கற்கைநெறிகளில் நூற்றுக்கு 40 இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55 மாவட்டங்களின் குடித்தொகை விகிதத்துக்கும், 5 கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் உரியன.

மாணவரை ஒப்பிட உதவுவது இசட் புள்ளி. 2001ஆம் ஆண்டளவில் நடைமுறைக்கு வந்த இம்முறை, ஒருவர் பெற்ற புள்ளியை மாத்திரம் பாராது, அப்பாடத்தில் எல்லோரும் பெற்ற இடைப்புள்ளியிலிருந்து அவர் எவ்வளவு உயர்ந்து நிற்கிறார் என்று பார்க்கிறது. பௌதிகவியலில் இடை 40, நியம விலகல் 14 எனக் கொள்வோம். 68 பெற்றவர் இடையிலும் 28 கூடுதலாகப் பெற்றார்; அதை 14ஆற் பிரிக்க இசட் புள்ளி 2. உயிரியலில் இடை 50, விலகல் 16 ஆயின், அதே 2ஐப் பெற 82 வேண்டும். கடினமான பாடத்து 68உம் எளிதான பாடத்து 82உம் சமமாவது இவ்வாறே. மூன்று பாடங்களின் சராசரியே மாணவரின் இசட் புள்ளி.

இனி, வாய்ப்பை மதிப்பிடுவது எப்படி? பெறுபேற்றிற் காணும் மாவட்ட நிலையை முதலில் நோக்க வேண்டும். ஒரு கற்கைநெறிக்கு நாடு முழுவதும் 1,000 இடங்கள் என்றும், குடித்தொகையில் நூற்றுக்கு 4 பங்கு கொண்ட மாவட்டம் ஒன்று என்றும் கொள்வோம். மாவட்டப் பங்கான 550இல் அதற்கு 22 இடம் கிடைக்கும். அம்மாவட்டத்தின் முதல் 30 பேர் அகில இலங்கைத் திறமையால் தெரிவாயினர் எனின், அந்த 22 இடங்களும் 31ஆம் நிலையிலிருந்தே நிரம்பும். ஆகவே 52ஆம் நிலையிலுள்ளவருக்கும் வாயில் திறக்கும். பின்தங்கிய மாவட்டமாயின் இன்னுஞ் சில இடங்கள் சேரும்.

அடுத்து, தம் மாவட்டத்தின் சென்ற சில ஆண்டுகளின் வெட்டுப்புள்ளிகளை ஒப்பிடலாம். ஓர் ஆண்டை மாத்திரம் நம்புதல் ஆகாது. தோற்றுவோர் தொகையும் இடங்களின் தொகையும் மாற, வெட்டுப்புள்ளியும் மாறும். அது நான்கு தசம தானங்கள் வரை செல்வதால், எல்லையில் நிற்பவர் எதையும் உறுதியாகக் கொள்ளலாகாது. விண்ணப்பத்தில் கற்கைநெறிகளை அச்சத்தின் ஒழுங்கில் அன்றி, உண்மை விருப்பத்தின் ஒழுங்கிலேயே எழுத வேண்டும்.

எல்லைக்குச் சற்றே கீழ் நிற்கும் பிள்ளையை வீட்டார் குறை கூறுதல் தகாது. அதே புள்ளி வேறோர் ஆண்டிற் போதுமானதாக இருந்திருக்கலாம். மீண்டும் தோற்றுவதா, வேறு கற்கைநெறியை ஏற்பதா என்பதை, கணக்கை முன்வைத்து, பிள்ளையின் மனத்தையும் கேட்டுத் தீர்மானிப்பதே பெற்றோர் கடன்.