வெள்ளையடிப்பும் மூக்கடைப்பும்

தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் குமுளியில், ஈரச் சுவர்களில் பூஞ்சை படர்வது இயல்பு. மழை ஓய்ந்தபின் அங்கு வாழும் தமிழன்பர்கள் சுவரைச் சுரண்டி வெள்ளையடிக்கையில் சிலருக்கு அடுக்குத் தும்மலும் மூக்கடைப்பும் தோன்றுவது ஏன்? பூஞ்சையின் நுண்வித்துக்கள் தூசியோடு மூக்கினுள் புகுகின்றன. ஒவ்வாமையுடையோரின் உடல் அவற்றைப் பகையெனக் கருதி எதிர்க்கிறது.

ஆதலின், முதற்கண் நீர்க்கசிவை அடைத்தல் வேண்டும். இல்லையேல் பூஞ்சை மீண்டும் படரும். பின்னர், நீர் தெளித்துச் சுவரைச் சுரண்டுக. கைக்குட்டை நுண்தூசியைத் தடுக்காது. 'என் 95' முகக்கவசம் அணிக. சாளரங்களைத் திறந்து, குழந்தைகளை வேறிடத்தில் இருத்துக. தரையைப் பெருக்காது ஈரத்துணியால் துடைத்திடுக. கொதித்து ஆறிய நீரில் உப்புக் கலந்து மூக்கைக் கழுவுதல் நலம். மூச்சிரைப்புக் கண்டாலோ, அது ஆஸ்துமாவாக இருத்தல் கூடும். தாமதியாது மருத்துவரை நாடுக.