அடுப்புப் பிசுக்கில் ஒரு வேதியியல் பாடம்

பத்தாம் வகுப்பில் சோப்பு பற்றிய பாடம். சோப்பு மூலக்கூறின் ஒரு முனை நீரை விரும்பும், மறுமுனை எண்ணெயை விரும்பும். அவை எண்ணெய்த் துளியைச் சூழ்ந்துகொண்டு நீரோடு இழுத்துச் செல்லும் என்று கரும்பலகையில் படம் வரைந்து முடித்தேன். ஒரு மாணவி எழுந்தாள்.

"டீச்சர், எங்க வீட்டு அடுப்புல பிடிச்ச பிசுக்கு எவ்வளவு சோப்பு போட்டாலும் போகலையே, ஏன்?"

பாடநூல் விடை அவளுக்குத் தெரியும். அடுப்பையும் அவளுக்குத் தெரியும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்பதுதான் அவள் கேள்வி. "நாளைக்குச் சேர்ந்து பார்ப்போம்" என்றேன். அன்று மாலை தேடியதையும், மறுநாள் வகுப்பில் செய்ததையும் ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

இரண்டு வகைப் பிசுக்கு

தாளிக்கும்போது இன்று தெறித்த எண்ணெய் இன்னும் எண்ணெய்தான். வெந்நீரும் சோப்பும் போதும். ஆனால் துடைக்காமல் விட்ட எண்ணெய், அடுப்பின் சூட்டில் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிகிறது. அதன் நிறைவுறாத கொழுப்பு அமிலங்கள் ஒன்றோடொன்று பிணைந்து பலபடியாக மாறுகின்றன. பழுப்பு நிறத்தில் பிசுபிசுப்பாகத் தொடங்கி, நாளடைவில் வார்னிஷ் போல இறுகுகிறது. வார்னிஷில் ஆளிவிதை எண்ணெய் உலர்வதும் இதே முறையில்தான். சூரியகாந்தி எண்ணெய் இப்படி எளிதில் இறுகும். பெரும்பாலும் நிறைவுற்ற கொழுப்பான தேங்காய் எண்ணெய் அவ்வளவு எளிதில் இறுகாது.

சோப்பு தனித்தனித் துளிகளைத்தான் தூக்கிச் செல்லும். வலைபோல் பின்னிக்கொண்ட படலத்தை அதனால் பிரிக்க முடியாது. மாணவியின் கேள்விக்கு இதுவே விடை.

இறுகியதை எப்படி அகற்றுவது?

படலத்தை முதலில் இளக்க வேண்டும். அதற்குத் தேவை வெப்பம், காரம், நேரம். சமையல் சோடாவைச் சிறிது நீரில் குழைத்துப் பூசி, மேலே வெந்நீரில் நனைத்த துணியைப் போட்டுப் பதினைந்து நிமிடம் விட்டுவிடலாம். பிறகு சோப்புநீரில் தேய்த்தால் பெரும்பகுதி உரிந்து வரும். சோடாத்தூள் மென்மையான தேய்ப்பானாகவும் உதவுகிறது. சலவைச் சோடா இன்னும் வலிமையான காரம். ஆனால் அலுமினியத்தை அரிக்கும், கையையும் பாதிக்கும். நம் பாட்டிமார் சாம்பல் போட்டுப் பாத்திரம் துலக்கியதிலும் இதே காரத்தன்மை இருக்கிறது.

புளியும் எலுமிச்சையும் பித்தளை பர்னரின் கறுப்பைப் போக்கும். அது உலோக ஆக்சைடு, அமிலத்தில் கரையும். எண்ணெய்ப் பிசுக்குக்கு அமிலம் ஏற்றதல்ல.

வகுப்பறையில் செய்து பார்க்க

பிசுக்கு பிடித்த பழைய தகர மூடி ஒன்றை நான்கு பகுதிகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்றில் தண்ணீர், ஒன்றில் வெதுவெதுப்பான சோப்புநீர், ஒன்றில் சோடாக் குழைவு, ஒன்றில் சோடாவும் எலுமிச்சைச் சாறும். ஒரே நேரம் ஊறவைத்து, ஒரே எண்ணிக்கையில் தேய்க்கச் சொல்லுங்கள். எது மாறுகிறது, எதை மாறாமல் வைத்திருக்கிறோம் என்பதை மாணவர்களே எழுதட்டும்.

நான்காவது பகுதியில் நுரை பொங்குவதைக் கண்டு, அதுதான் வெல்லும் என்று எல்லோரும் சொல்வார்கள். அப்போது மஞ்சள் தடவிய தாளைக் கொடுங்கள். சோடாக் கரைசலில் சிவந்த தாள், போதுமான எலுமிச்சைச் சாறு சேர்ந்ததும் மீண்டும் மஞ்சளாகும். அமிலமும் காரமும் ஒன்றையொன்று நடுநிலையாக்கிவிட்டன. பொங்கியது கார்பன் டைஆக்சைடு. நுரை மிகுதி என்பதால் வேலை மிகுதி ஆகிவிடாது.

மறக்கக் கூடாதவை

வீட்டில் செய்யும்போது சிலிண்டர் ரெகுலேட்டரை மூடி, அடுப்பு ஆறிய பிறகே தொட வேண்டும். பர்னர் துளைகளை ஊசியால் குத்திச் சுத்தம் செய்து, நன்கு உலர்த்திப் பொருத்த வேண்டும். துளை அடைத்தால் நீலச்சுடர் மஞ்சளாகும்; பாத்திரத்தில் கரி பிடிக்கும்; நச்சுத்தன்மையுள்ள கார்பன் மோனாக்சைடும் வெளிவரலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது இது: "இரண்டைக் கலந்தால் இன்னும் நன்றாகப் போகும்" என்ற எண்ணத்தில் பிளீச்சிங் பவுடரோடு கழிப்பறை அமிலத்தைக் கலக்கவே கூடாது. குளோரின் வாயு வெளியேறும். மூடிய அறையில் உயிருக்கே ஆபத்து. இந்த வினையின் சமன்பாட்டை எழுதும் மாணவர், வீட்டிலும் இதைச் சொல்ல வேண்டும்.

வீட்டுப்பாடமாக அடுப்பைத் துடைத்து, கண்டதை எழுதி வரச் சொன்னேன். "பசங்களுமா டீச்சர்?" என்று ஒரு குரல். "பசங்களும்தான்" என்றேன். மறுவாரம் ஒரு மாணவன் எழுதியிருந்தான்: "தேய்த்ததில் கை வலித்தது. அம்மா தினமும் துடைப்பதால்தான் எங்கள் அடுப்பில் பிசுக்கு இறுகவில்லை." அன்றைய பாடத்தின் சுருக்கமாக அதையே கரும்பலகையில் எழுதச் சொன்னேன்.