கம்பைல் செய்கையில் விர்ச்சுவல் மெஷின் படுத்துவிடுகிறதா?

விண்டோஸை அழிக்காமல் லினக்ஸ் கற்றுக்கொள்ள எளிய வழி, விர்ச்சுவல் மெஷின். விர்ச்சுவல் பாக்ஸ் போன்ற சாப்ட்வேரை இன்ஸ்டால் செய்து, அதற்குள் உபுண்டுவையோ வேறு லினக்ஸையோ பதிந்துகொள்ளலாம். பிரவுசர் திறக்கும், பாட்டு பாடும், கடிதம் டைப் செய்யலாம். பல நாட்கள் எந்தத் தொல்லையும் இராது. ஒருநாள் சோர்ஸ் கோடாகக் கிடைத்த ஒரு சாப்ட்வேரை கம்பைல் செய்யத் தொடங்குவீர்கள். பாதி வழியில் திரை உறைந்துவிடும் அல்லது விர்ச்சுவல் மெஷினே மூடிக்கொள்ளும்.

லினக்ஸ் சரியில்லை என்பார் ஒருவர். மதர்போர்டு போய்விட்டது என்பார் இன்னொருவர். பணத்தை எடுக்கும் முன் காரணத்தை நீங்களே கண்டுபிடிக்கலாம்.

நான் இருப்பது விருத்தாசலம். நெய்வேலிச் சுரங்கத்துக் களிமண் அருகிலேயே கிடைப்பதால் செராமிக் தொழில் வளர்ந்த ஊர். இங்கே ஒரு பொம்மை சூளையில் வெடித்தால் யாரும் நெருப்பைத் திட்டுவதில்லை. மண் சரியாகக் காய்ந்ததா, உள்ளே ஈரம் நின்றதா என்றுதான் பார்ப்பார்கள். கம்பைல் செய்வதும் சூளை வைப்பது போலத்தான். அதுவரை மறைந்திருந்த குறை அப்போதுதான் வெளியே தெரியும்.

விருந்தாளிக்கு எவ்வளவு?

உங்கள் அசல் கம்ப்யூட்டரை ஹோஸ்ட் என்பார்கள். அதற்குள் இயங்குவது கெஸ்ட், அதாவது விருந்தாளி. விருந்தாளி உண்பது வீட்டுக்காரர் பானையிலிருந்துதான். 4 ஜிபி ராம் உள்ள கம்ப்யூட்டரில் கெஸ்ட்டுக்கு 3 ஜிபி கொடுத்தால் விண்டோஸுக்கு மிஞ்சுவது 1 ஜிபி.

தமிழக அரசு 2011ல் தொடங்கிய மாணவர் லேப்டாப் திட்டம் பலருக்கு நினைவிருக்கும். எல்காட் வாங்கித் தந்த அந்தத் தொடக்ககால லேப்டாப்பில் 2 ஜிபி ராம்தான். ஆனாலும் விண்டோஸ், பாஸ் லினக்ஸ் இரண்டும் இருந்தன. எப்படி முடிந்தது? அது டூயல் பூட். ஒரு நேரத்தில் ஒரு சிஸ்டம்தான் இயங்கும்; முழு ராமும் அதற்கே கிடைக்கும். விர்ச்சுவல் மெஷினில் இரண்டும் ஒரே நேரத்தில் இயங்குவதால் பங்கு போட வேண்டியிருக்கிறது.

கம்பைல் ஏன் இவ்வளவு சுமை?

சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுதிய பெரிய பைல் ஒன்றை கம்பைல் செய்யவே சில சமயம் 1 ஜிபிக்கு மேல் மெமரி தேவைப்படும். வேலை விரைவாக முடிய "மேக்" கட்டளையுடன் ஹைபன், ஜே என்ற எழுத்து, 4 என்ற எண் ஆகியவற்றைச் சேர்க்கச் சொல்லியிருப்பார்கள். ஒரே நேரத்தில் 4 பைல்களை கம்பைல் செய் என்பது அதன் பொருள். மெமரித் தேவையும் 4 மடங்காகலாம். ஜே எழுத்தை மட்டும் தந்து எண்ணை விட்டுவிட்டால் வரம்பே கிடையாது. முடிந்த அத்தனை பைல்களையும் ஒன்றாகத் தொடங்கிவிடும்.

பெரிய திட்டங்களின் பசி இன்னும் பெரிது. ஆண்ட்ராய்டை முழுமையாக கம்பைல் செய்ய 64 ஜிபி ராம் தேவை என்கிறது கூகுள்.

எப்படி நின்றது என்று பாருங்கள்

1. "கில்டு" என்ற சொல் கடைசி வரியில் வந்ததா? மெமரி தீர்ந்துவிட்டது. லினக்ஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள, அதிக மெமரி தின்னும் புரோகிராமை நிறுத்திவிடும். சூடோ என்பதுடன் டி, எம், இ, எஸ், ஜி என்ற 5 எழுத்துகளை டைப் செய்து என்டர் தட்டினால், எந்தப் புரோகிராமை நிறுத்தியது என்ற குறிப்பு கிடைக்கும்.

2. "நோ ஸ்பேஸ் லெப்ட்" என்று வந்ததா? கெஸ்ட்டின் டிஸ்க் நிறைந்துவிட்டது.

3. விர்ச்சுவல் மெஷின் தானாகவே "பாஸ்" நிலைக்குப் போய்விட்டதா? விண்டோஸ் டிரைவில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். விர்ச்சுவல் டிஸ்க் பைல் கொஞ்சம் கொஞ்சமாக வளரும் வகையாக இருந்தால், கெஸ்ட்டில் 30 ஜிபி காலி என்று காட்டினாலும் வெளியே இடம் தீர்ந்திருக்கலாம்.

4. கம்ப்யூட்டரே அணைந்துவிட்டதா? அது வெப்பம் அல்லது மின்சாரத்தின் வேலை. கம்பைல் செய்கையில் சிபியு ஓய்வின்றி உழைக்கும். அக்னி நட்சத்திர வெயிலில், தூசி அடைத்த மின்விசிறியுடன் மெத்தை மீது வைத்த லேப்டாப் தாங்காது.

5. "குரு மெடிடேஷன்" என்ற மெசேஜ் வந்ததா? பயப்பட வேண்டாம். பழைய அமிகா கம்ப்யூட்டரிலிருந்து விர்ச்சுவல் பாக்ஸ் எடுத்துக்கொண்ட பெயர் அது. மெஷின் தொடர முடியாத பிழை நேர்ந்தது என்று அர்த்தம். மெஷின் பெயரில் ரைட் கிளிக் செய்து "ஷோ லாக்" மூலம் பதிவைப் பாருங்கள்.

குறைத்ததால் ஓடியது

எங்கள் ஊர் கல்லூரி மாணவர் ஒருவர் தன் லேப்டாப்பை என்னிடம் கொண்டு வந்தார். தந்தை செராமிக் பட்டறையில் வேலை செய்பவர். பிராஜெக்டுக்காக ஓப்பன் சிவி என்ற சாப்ட்வேர் தொகுப்பை கம்பைல் செய்ய வேண்டும். ஒப்படைக்க 3 நாட்களே இருந்தன. மதர்போர்டு மாற்ற வேண்டும் என்று கடையில் சொல்லியிருந்தார்கள்.

அதில் மொத்த ராம் 4 ஜிபி. கெஸ்ட்டுக்கு 3 ஜிபி, மேக் கட்டளையில் 4 என்ற எண். டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு கம்பைல் செய்தோம். விண்டோஸின் மெமரி அளவு 100 சதவீதத்தைத் தொட்டதும் எல்லாம் உறைந்தது. கெஸ்ட்டை ஆப் செய்து, செட்டிங்ஸ், சிஸ்டம், மதர்போர்டு என்று சென்று பேஸ் மெமரியை 2 ஜிபியாகக் குறைத்தோம். லினக்ஸில் 4 ஜிபி ஸ்வாப் பைல் ஒன்றை உருவாக்கினோம். மேக் கட்டளையில் 4 என்பதை 1 ஆக்கினோம். இரவு முழுவதும் ஓடியது, காலையில் முடிந்திருந்தது. ஒரு ரூபாய் செலவில்லை.

ராமைக் குறைத்தால் எப்படி ஓடும் என்கிறீர்களா? முன்பு ஹோஸ்ட்டுக்கே மூச்சு முட்டியது. வீட்டுக்காரர் மயங்கினால் விருந்தாளியை யார் கவனிப்பது? மெமரி அளவுக்கோட்டில் பச்சை நிறப் பகுதியைத் தாண்டாமல் இருப்பதே நல்லது.

ஆமை தெரிகிறதா?

விர்ச்சுவல் மெஷின் திரையின் கீழ்ப் பட்டையில் பச்சை ஆமைப் படம் தெரிந்தால், விண்டோஸின் ஹைப்பர்-வி வசதி ஏற்கெனவே சிபியுவின் விர்ச்சுவல் திறனைப் பிடித்து வைத்திருக்கிறது. விர்ச்சுவல் பாக்ஸ் அதன் மேல் ஏறி மெதுவாக ஓடும். சில சமயம் தடுமாறும். முதலில் விர்ச்சுவல் பாக்ஸின் புதிய பதிப்பைப் பதியுங்கள். மெமரி இன்டக்ரிட்டி என்ற பாதுகாப்பை நிறுத்தச் சொல்வோர் உண்டு. அது விண்டோஸைக் காக்கும் வேலி. அவசரப்பட்டு எடுக்க வேண்டாம்.

எப்போது ராமைச் சந்தேகிக்கலாம்?

மேலே சொன்ன எதுவும் பொருந்தவில்லையா? மூன்று முறை கம்பைல் செய்து, நிற்கும் இடத்தைக் குறித்து வையுங்கள். ஒவ்வொரு முறையும் அதே பைலில் நின்றால் சோர்ஸ் கோடிலோ கம்பைலரிலோ சிக்கல் இருக்கலாம். ஒவ்வொரு முறையும் வேறு வேறு பைலில் நின்றால் ஹார்ட்வேரைச் சந்தேகியுங்கள். 1990களில் லினக்ஸ் கெர்னலை கம்பைல் செய்தவர்கள் "சிக்னல் 11" என்ற எர்ரர் மெசேஜைக் கொண்டே பழுதான ராமைக் கண்டுபிடித்தார்கள். இன்று மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற இலவச புரோகிராமை யுஎஸ்பி டிரைவில் பதிந்து, அதிலிருந்து கம்ப்யூட்டரைத் துவக்கி ஓரிரவு சோதிக்கலாம். பிழை காட்டினால் மட்டும் ராம் மாற்றுவது பற்றி யோசியுங்கள்.

ராம் 4 ஜிபிக்கும் குறைவு என்றால் விர்ச்சுவல் மெஷினை விட்டுவிட்டு டூயல் பூட் முறையில் லினக்ஸைப் பதிவதே நல்லது. அதற்கு முன் முக்கியமான பைல்களுக்கு பேக் அப் எடுத்துவிடுங்கள். மற்றவர்கள் மெமரி, டிஸ்க் இடம், வெப்பம், ஹைப்பர்-வி, ராம் பழுது என்ற வரிசையில் சோதியுங்கள். முதல் மூன்றைப் பார்க்கக் காசு தேவையில்லை. பெரும்பாலும் விடை அங்கேயே கிடைத்துவிடும்.