கும்மிடிப்பூண்டியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

சென்னையிலிருந்து கல்கத்தாவை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், கவரைப்பேட்டையைக் கடந்து கும்மிடிப்பூண்டியை நெருங்கும்போது, வாரநாட்களின் காலைப்பொழுதில் கண்ணில் படுபவை கம்பெனி பஸ்களும், இரும்புச் சுருள்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டு போகும் டிரெய்லர் லாரிகளும், அவற்றினிடையே கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு விரையும் கார்களுமே. அக்கார்களின் பின் ஆசனத்தில் அமர்ந்து போகிற ஜப்பானியரையும் கொரியரையும் பிரெஞ்சுக்காரரையும் இப்பிரதேசத்து ஜனங்கள் பார்த்துப் பழகிவிட்டார்கள். ஆனால் அந்த மனிதர் ஞாயிற்றுக்கிழமையன்று என்ன செய்கிறார், அவருடன் கடல் கடந்து வந்த மனைவி திங்கள் முதல் சனி வரையில் பொழுதை எவ்விதம் கழிக்கிறாள், அவ்விருவருக்கும் இது வேலை பார்க்கிற இடமாக மட்டும் தோன்றுகிறதா, அல்லது ஓர் ஊராகவும் தோன்றுகிறதா என்று நாம் விசாரித்தது மிகக் குறைவு.

அவர்கள் இங்கே வந்த காரணம் தெளிவானது. 1997-ல் செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான திருவள்ளூருக்கு அயல்நாட்டுப் பொறியாளர்கள் புதியவர்கள் அல்லர். அதற்கு அடுத்த ஆண்டே, திருவள்ளூரில் இருந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் ஜப்பானிய மிட்சுபிஷியின் லான்சர் கார் உருவாகத் தொடங்கியது. கும்மிடிப்பூண்டி சிப்காட் பேட்டையைத் தொடர்ந்து, தேர்வாய்கண்டிகையில் பிரான்ஸ் தேசத்து மிச்செலின் டயர்த் தொழிற்சாலை எழுந்தது. பெருவாயல் பக்கம் மகிந்திராவும் ஜப்பானின் சுமிட்டோமோவும் கூட்டாக நடத்தும் தொழிற்பூங்காவில் யன்மார் எஞ்சின் தொழிற்சாலை வந்தது. குளிர்சாதன இயந்திரங்களும் அவற்றுக்கான கம்ப்ரெசர்களும் செய்வதற்காக 1,891 கோடி ரூபாய் முதலீட்டில் ஆலை அமைப்பதாக 2023-ல் மிட்சுபிஷி எலக்ட்ரிக் தமிழக அரசுடன் ஒப்பந்தம் செய்துகொண்டதும் இந்தப் பெருவாயலில்தான். ஆரம்பாக்கத்தைத் தாண்டி ஆந்திர எல்லைக்குள் கால் வைத்தால், இசுசு முதலிய ஜப்பானியக் கம்பெனிகள் நிறைந்த ஸ்ரீசிட்டி. இயந்திரம் கப்பலில் வந்து இறங்கினால் போதாது. அதன் சுபாவம் அறிந்தவர் கூட வந்து, இரண்டு மூன்று வருஷம் தங்கி, நம் பிள்ளைகளுக்கு அதைக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போகவேண்டியிருக்கிறது. வருகிறவரில் பலர் குடும்பத்தைத் தேசத்திலேயே விட்டுவிட்டுத் தனியாக வருகிறார்கள். இது ஜப்பானியரிடையே நெடுங்காலமாக உள்ள வழக்கம். நான் இங்கே பேச விரும்புவது, மனைவியும் துணைக்கு வந்த குடும்பங்களைப் பற்றி.

அந்த அம்மாளின் நிலையை முதலில் சொல்லவேண்டும். கணவருக்கு நம் அரசாங்கம் தருவது உத்தியோக விசா. மனைவிக்குத் தருவதோ உடன் வந்து தங்குவதற்கான நுழைவு விசா. அதை வைத்துக்கொண்டு இந்நாட்டில் சம்பளத்துக்கு வேலை பார்க்க அனுமதி இல்லை. 180 நாட்களுக்கு மேல் தங்குகிறவர்கள், வந்த 14 நாட்களுக்குள் அயல்நாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ளவும் வேண்டும். தன் ஊரில் ஆசிரியையாகவோ, மருந்துக்கடையிலோ, வங்கியிலோ சம்பாதித்துக்கொண்டிருந்தவள், இங்கே அடுக்குமாடிக் குடியிருப்பின் பத்தாவது மாடியில், பாஷை தெரியாத வேலைக்காரப் பெண்ணுடன் சைகையால் சம்பாஷித்துக்கொண்டு ஆறு நாட்களை ஓட்டுகிறாள். பெரும்பாலான குடும்பங்கள் பள்ளிக்கூடத்தையும் ஆஸ்பத்திரியையும் முன்னிட்டுச் சென்னையிலேயே வீடு எடுத்துக்கொள்வதால், கணவருக்குப் போகவும் வரவும் சாலையிலேயே சில மணி நேரம் கழிந்துவிடுகிறது. அவர் இருட்டோடு புறப்பட்டு இருட்டியபின் திரும்புகிறார். 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேர வேலையையும் ஒருநாள் ஓய்வையும் நிர்ணயித்த காலத்திலிருந்து, ஆறு நாள் வேலை என்பது நம் ஆலைகள் பலவற்றின் வழக்கமாகிவிட்டபடியால், மேலதிகாரியாக வந்தவரும் அந்த வழக்கத்துக்கு உட்பட்டவராகிறார். ஆகவே, அயல்நாட்டில் அவர்கள் புருஷனும் மனைவியுமாகச் சேர்ந்து பகல் வெளிச்சத்தைப் பார்க்கிற நாள் ஞாயிறு ஒன்றே.

அந்த ஞாயிறும் தொலைபேசியில்தான் விடிகிறது. ஜப்பானிலும் கொரியாவிலும் கடிகாரம் நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நம் காலை ஏழு மணிக்கு அங்கே பத்தரை. ஊரிலிருக்கும் தாய் தகப்பனார் வேலையை முடித்துவிட்டுத் திரையின் முன் உட்காரும் வேளை அது. பிரெஞ்சுத் தம்பதிக்கோ கணக்கு நேர்மாறு. அவர்கள் பிற்பகல் வரையில் காத்திருக்கவேண்டும். தொலைபேசிப் பேச்சு முடிந்தபின் கடைக்குப் புறப்பாடு. ஜப்பானிய, கொரிய மளிகைக் கடைகள் சென்னையில் உண்டு. அங்கே அவர்கள் முதலில் தேடுவது அரிசி. நாம் சாதத்தை உதிரி உதிரியாக வடித்தால்தான் பக்குவம் என்று மெச்சுகிறோம். அவர்களுக்கோ ஒரு பருக்கை மற்றொன்றோடு ஒட்டினால்தான் குச்சியால் எடுத்து உண்ண முடியும். பொன்னேரி வட்டாரத்து வயல்களைத் தினமும் கடந்து போகிற மனிதர், தம் வீட்டு உலைக்கு வேறு தேசத்து அரிசியைத் தேடிப்போகிற காரணம் இதுதான். இதில் குறைசொல்ல ஏதுமில்லை. மலேயாவுக்குப் போன நம் முன்னோர் புளியையும் மிளகாயையும் தேடவில்லையா?

கம்பெனி கொடுத்த காரை அநேகமாக டிரைவர்தான் ஓட்டுகிறார்; அயல்நாட்டு ஊழியர் நம் சாலைகளில் தாமே ஓட்டக்கூடாது என்று பல கம்பெனிகளில் விதியே இருக்கிறது. இதனால் அந்தத் தம்பதிக்குத் தமிழ்நாட்டில் முதலில் அறிமுகமாகும் தமிழர், பல சமயம் கடைசிவரை நெருங்கிப் பழகும் ஒரே தமிழர், அந்த டிரைவர்தான். செவ்வாய்க்கிழமை காலையில் கார் ஏன் நகரவில்லை என்றால், சிறுவாபுரி முருகனைத் தரிசிக்கப் போகிற கூட்டம் என்றும், சொந்த வீடு வேண்டி ஆறு செவ்வாய்க்கிழமை அங்கே வருகிறார்கள் என்றும் அவர் விளக்குகிறார். ஆடி மாதத்து ஞாயிறுகளில் வேப்பிலையை ஆடையாக உடுத்திக்கொண்டு பெரியபாளையத்துப் பவானியம்மனை வலம்வரும் பெண்களைப் பற்றிச் சொல்பவரும் அவரே. இவருக்கு வாய்த்த சொற்ப ஆங்கிலமும் அவர்களுக்கு வாய்த்த சொற்ப ஆங்கிலமும் சேர்ந்து இவ்வளவு காரியம் செய்கின்றன. பேச்சு நின்றுபோகிற சமயத்தில் ரஜினிகாந்தின் பெயர் கைகொடுக்கிறது. ‘முத்து’ படம் 1998-ல் ஜப்பானில் வெளியாகி அடைந்த புகழ், ராஜதந்திரிகளால் ஆகாத அளவுக்கு நம்மை அவர்களுக்கு அறிமுகம் செய்திருக்கிறது.

மேற்கொண்டு எங்கே போவது? மாமல்லபுரத்தை இரண்டாம் மாதமே பார்த்தாயிற்று. பெரிய அங்காடிக் கட்டடங்களை எத்தனை முறை சுற்றுவது? தினமும் கணவர் வேலைக்கு வருகிற இதே சாலையிலிருந்து பொன்னேரிக்குத் திரும்பி, அங்கிருந்து கிழக்கே போனால் இருபது கிலோமீட்டருக்குள் பழவேற்காடு இருக்கிறது என்பதைப் பலரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உப்பங்கழி அது. கார்த்திகை முதல் மாசி வரையில் பூநாரைகள் அங்கே வந்து ஆழமில்லாத நீரில் கூட்டம் கூட்டமாக நிற்கும். 2011 டிசம்பர் 25-ல் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்ட துயரத்துக்குப் பிறகு, உல்லாசப் படகு சவாரி தடைசெய்யப்பட்டது. ஆகையால் கரையில் நின்றே பார்க்கவேண்டும். அங்குள்ள முஸ்லிம் பெண்கள் பனையோலையைச் சாயந்தோய்த்து முடையும் பெட்டிகளைப் பார்த்தால், நாணலும் மூங்கிலும் முடைகிற தேசத்திலிருந்து வந்த அம்மாளுக்கு விலை கேட்கப் பாஷையே வேண்டியிராது.

பழவேற்காட்டில் நான் விசேஷமாகக் கருதுவது டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்தை. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள அந்தத் தோட்டத்தின் வாயிலில், இருபுறமும் கல்லில் எலும்புக்கூட்டு உருவங்களைச் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். உள்ளே, தரையோடு தரையாகக் கிடக்கும் நீண்ட கற்பலகைகளில், குடும்பச் சின்னங்களும் பூவேலையும், அவற்றின் கீழே டச்சு எழுத்துக்களும். 1613-ல் கெல்ட்ரியா என்ற கோட்டையைக் கட்டி, சோழமண்டலக் கரை வியாபாரம் முழுவதற்கும் 1690 வரையில் இதையே தலைமையிடமாக வைத்திருந்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் உத்தியோகஸ்தர்களும், அவர்களுடைய மனைவிமார்களும் குழந்தைகளும் அங்கே உறங்குகிறார்கள். இங்கிருந்து ஏற்றுமதியான துணியின் பெயர் இன்றும் மலாய் மொழியில் ‘பெலிக்காட்’ கைலியாக வழங்குகிறது. ஆனால் அந்த வியாபாரத்துக்காக வந்தவர்களில் பலர் தங்கள் ஊருக்குத் திரும்பவில்லை. நானூறு வருஷத்துக்கு முன்பும் இதே கரையில், அந்நியமான வெயிலில், ஒரு கணவனும் மனைவியும் தங்கள் ஓய்வுநாளை எப்படியோ கழித்திருக்கிறார்கள் என்ற எண்ணம் அந்தக் கற்களுக்கு முன்னால் எவருக்கும் வரும். இன்று பெருவாயலிலும் தேர்வாய்கண்டிகையிலும் இருப்பவர்களுக்கு மற்றெவரையும்விட அதிகமாக வரும்.

இத்தனையும் எழுதிவிட்டு மற்றொரு தம்பதியைச் சொல்லாமல் விட்டால் அது நியாயமாகாது. சென்னை சென்ட்ரலிலிருந்து ஏறக்குறைய 48 கிலோமீட்டர் ஓடிக் கும்மிடிப்பூண்டியில் நிற்கும் மின்சார ரயிலில் ஞாயிற்றுக்கிழமை ஏறிப்பாருங்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து உருக்காலைகளில் வேலை செய்கிறவர்கள் அதில் இருப்பார்கள். அவர்களில் சிலர் மனைவியோடு வந்து ஒற்றை அறையில் குடியிருப்பவர்கள். அவர்களுக்கும் ஓய்வு ஒருநாள்தான். அவர்களும் காலையில் தாயோடு பேசிவிட்டே புறப்படுகிறார்கள். அவர்களும் தங்களூர்க் கடுகெண்ணெயைத் தேடிக் கடைகடையாக அலைகிறார்கள். காரில் வருகிறவரை ‘ஃபாரினர்’ என்று மரியாதையாகவும் ரயிலில் வருகிறவரை ‘வடக்கத்திக்காரன்’ என்று ஒருமையிலும் நாம் அழைப்பது சரியல்ல என்பதே என் திடமான அபிப்பிராயம். வருமானத்தில் அவர்களிடையே மலைக்கும் மடுவுக்குமுள்ள வித்தியாசம் இருக்கலாம்; ஞாயிற்றுக்கிழமையின் ஏக்கத்தில் வித்தியாசம் இல்லை.

நிலமும் நீரும் மின்சாரமும் கொடுத்து ஆலைகளை அழைத்த நாம், அவற்றோடு வந்த மனிதர்களை வீட்டுக்கு அழைக்கவில்லை. அதற்கு அரசாங்க உத்தரவோ கம்பெனியின் செலவோ தேவையில்லை. நாமும் ஒட்டும்படி குழைய வேகவைப்பது பொங்கல்; ஜப்பானியரும் புத்தாண்டில் அரிசியை இடித்துச் செய்த பண்டத்தைத்தான் உண்கிறார்கள், கொரியரும் அப்படியே. திருவள்ளூரிலும் பொன்னேரியிலும் கும்மிடிப்பூண்டியிலும் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் தெருவிலோ, குடியிருப்பிலோ, உங்கள் பிள்ளை வேலை பார்க்கும் ஆலையிலோ அப்படி ஒரு தம்பதி இருந்தால், அவர்கள் ஜப்பானிலிருந்து வந்தவர்களாயினும் ஒடிசாவிலிருந்து வந்தவர்களாயினும், வரும் தை முதல் நாளன்று பானை பொங்கும் நேரத்தைச் சொல்லி அவர்களை உங்கள் வாசலுக்கு அழையுங்கள்.