கட்டளைவரியில் மேற்கோள் குறிகள்: ஒரு விளக்கம்

கணினிக்கு எழுத்துவழிக் கட்டளையிட உதவும் நிரல் ஷெல் எனப்படும். 1979-இல் யுனிக்ஸ் ஏழாம் பதிப்பில் இடம்பெற்ற பார்ன் ஷெல்லிலும் அதன் வழிவந்தவற்றிலும் மேற்கோள் குறி பிறர் கூற்றைச் சுட்டுவதன்று. தன்னுள் அடங்கிய குறிகளின் சிறப்புப் பொருளை நீக்குவதாகும்.

ஒற்றை மேற்கோளுள் அனைத்தும் எழுத்தளவாகவே நிற்கும். இரட்டை மேற்கோளுள் இடைவெளியும் உடுக்குறியும் அவ்வாறு நிற்பினும், டாலர் குறி தன்னையடுத்த மாறியின் மதிப்பைத் தரும்.

அகநானூறு உரை எனப் பெயரிட்ட கோப்பை மேற்கோளின்றி அழிக்கப் பணித்தால், ஷெல் அதனை இரு பெயர்களாகக் கொள்ளும். அகநானூறு என்னும் வேறொரு கோப்பு இருப்பின் அதுவே அழியும்.

இக்குறிகளை ஷெல்லே நீக்கிவிடுவதால் அவை கோப்பின் பெயரில் சேரா. சொற்செயலி இடும் வளைந்த குறிகளையோ அது மேற்கோளாக ஏற்பதில்லை. ஆதலின் கையேடு எழுதுவோர், தட்டச்சிட வேண்டிய குறியையும் உரைநடைக்கென இட்ட குறியையும் வேறுபடுத்திக் காட்டுதல் இன்றியமையாதது.