மாதவிலக்கு நின்றால் தாம்பத்யமும் நிற்க வேண்டுமா?

கொல்லிமலையில் மிளகு பறித்து, பலாப்பழம் சுமந்து, மேடும் பள்ளமுமாக நடக்கிற பெண்களைப் பார்த்தால், "இவங்களுக்கெல்லாம் மெனோபாஸ் தொல்லை எங்கே வரப்போகுது?" என்றுதான் நமக்குத் தோன்றும். உழைப்பு எலும்புக்கும் தசைக்கும் நல்லதுதான். ஆனால் ஒரு தொல்லை மட்டும் மலை, ஊர் என்று பார்ப்பதில்லை. நாமக்கல்லில் ஃபேனுக்கடியில் உட்கார்ந்து ஆபீஸ் வேலை பார்ப்பவருக்கும் அதேதான்.

தொடர்ந்து 12 மாதம் மாதவிலக்கு வராவிட்டால் அதுதான் மெனோபாஸ். நம் நாட்டில் இது சராசரியாக 46, 47 வயதில் வருகிறது. அப்போது சினைப்பையில் ஈஸ்ட்ரோஜன் சுரப்பது வெகுவாகக் குறைந்துவிடும். அதனால் பெண்ணுறுப்பின் உட்சுவர் மெலிந்து, ஈரப்பசை குறைகிறது. உறவின்போது எரிச்சல், வலி. சிலருக்கு அடிக்கடி நீர்க்கடுப்பும் வரும்.

திடீரென்று உடம்பு கொதித்து வியர்ப்பது பெரும்பாலோருக்குச் சில வருடங்களில் அடங்கிவிடும். இந்த வறட்சி அப்படித் தானாகப் போகாது. "வயசாச்சு, இனி என்ன?" என்று மனைவி பல்லைக் கடித்துக்கொள்கிறார், 'என்னைப் பிடிக்கவில்லையோ' என்று கணவர் நினைக்கிறார். வலிக்குப் பயந்தே ஆசையும் குறைகிறது. பேசாமலே பாய் தனியாகிவிடுகிறது. கணவர்களே, இது வெறுப்பு அல்ல, வலி!

என்ன செய்யலாம்?

* தண்ணீர் கலந்த லூப்ரிகன்ட் ஜெல் மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே கிடைக்கும். ஆணுறை உபயோகிப்பவர்கள் தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள், ரப்பர் கிழிந்துவிடும்.

* அந்த இடத்தைச் சோப்பு, கிருமிநாசினி போட்டுக் கழுவாதீர்கள். வறட்சி அதிகமாகும்.

* ஜெல் போதவில்லையா? உள்ளே வைக்கும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் க்ரீம் அல்லது மாத்திரையை டாக்டர் எழுதித் தருவார். 2002-ல் பெரிதாகப் பேசப்பட்ட ஹார்மோன் பயம், வாயால் விழுங்கும் மாத்திரையைப் பற்றியது. இது ரத்தத்தில் மிகக் குறைவாகவே கலக்கும். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் மட்டும் அதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

* 50 வயதைத் தாண்டியவர்கள் கடைசி மாதவிலக்கிலிருந்து ஒரு வருடமும், அதற்கு முன்பே நின்றவர்கள் இரண்டு வருடமும் கருத்தடையைக் கைவிடக்கூடாது.

ஒரு எச்சரிக்கை. மாதவிலக்கு நின்று ஒரு வருடம் கழித்து ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், "தீட்டு திரும்பிடுச்சு" என்று சும்மா இருக்காதீர்கள். பலருக்கு வறட்சிதான் காரணமாக இருக்கும். என்றாலும் கர்ப்பப்பைப் புற்றுநோய் இல்லை என்று பரிசோதித்து உறுதி செய்தாக வேண்டும்.

மலைமேல் இருப்பவர்கள் இதற்காக உடனே 70 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டாம். முதலில் கிராம சுகாதார செவிலியரிடமோ, ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சொல்லுங்கள். தேவைப்பட்டால் கீழே, 2022-ல் தொடங்கிய நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புவார்கள். ஆனால் "நீர்க்கடுப்பு" என்று மட்டும் சொன்னால் அதற்கு மட்டும்தான் மருந்து கிடைக்கும். "தீட்டு நின்னதிலிருந்து, சேரும்போது வலிக்குது" என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்கள். மீதியை டாக்டரே கேட்டுக்கொள்வார்.