பாரந்தூக்கிக்கும் வயதுண்டு

துவாஸ், ஜூரோங் வட்டாரங்களில் உள்ள பெரிய தொழிற்கூடம் ஒன்றுக்குள் நுழைந்து அண்ணாந்து பார்த்தால், கூரைக்குச் சற்றுக் கீழே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை நீளும் எஃகு உத்திரம் ஒன்றைக் காணலாம். அதன் பக்கவாட்டில் ‘5 டன்’ என்பதுபோல் ஓர் எண் பெரிதாக எழுதப்பட்டிருக்கும். அதுதான் மேல்நிலைப் பாரந்தூக்கி. வீவக கட்டுமானத் தளங்களில் நாம் பார்க்கும் கோபுரப் பாரந்தூக்கியின் உறவினர் இது. கூரைக்கடியிலேயே வேலை செய்வதால் நம் கண்ணில் அதிகம் படுவதில்லை.

மாணவர்களே, முதலில் ஒரு புதிர். இரண்டு தொழிற்சாலைகள் ஒரே நாளில், ஒரே வகையான 5 டன் பாரந்தூக்கியை வாங்குகின்றன. இரண்டுமே அதை நாளொன்றுக்கு ஒரே அளவு நேரம் பயன்படுத்துகின்றன. இரண்டுமே 5 டன்னுக்கு மேல் ஒரு நாளும் தூக்கியதில்லை. ஆனாலும், ஒன்றின் தூக்குப் பொறி மூன்றே ஆண்டுகளில் முழுப் பழுதுபார்ப்புக்கு வந்துவிடுகிறது. மற்றொன்று 25 ஆண்டுகள் உழைக்கிறது. ஏன் இந்த வேறுபாடு?

விடையைத் தேடும் முன், பாரந்தூக்கி எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

மூன்று திசை, ஒரு கொக்கி

உத்திரத்தின் இரு முனைகளிலும் சக்கரங்கள் உள்ளன. அவை கட்டடத்தின் இரு பக்கமும் உயரத்தில் பதித்த தண்டவாளங்களில் ஓடும். அதனால் உத்திரம் முழுவதும் முன்னும் பின்னும் நகரும். உத்திரத்தின் மீது ஒரு சிறு வண்டி இடமும் வலமும் நகரும். அந்த வண்டியில் உள்ள தூக்குப் பொறி கொக்கியை மேலும் கீழும் இயக்கும். கணிதப் பாடத்தில் வரும் மூன்று அச்சுகளும் இங்கே எஃகு வடிவில் இருக்கின்றன!

5 டன் என்பது 5,000 கிலோகிராம் நிறை. ஒரு கிலோகிராமுக்கு 10 நியூட்டன் என்று கொண்டால் அதன் எடை 50,000 நியூட்டன். இவ்வளவு விசையையும் ஒற்றை வடம் தாங்குவதில்லை. கப்பிகளின் வழியாக வடம் நான்கு மடிப்பாகத் தொங்கினால், ஒவ்வொரு மடிப்பும் ஏறத்தாழ 12,500 நியூட்டன் மட்டுமே தாங்கும். ஆனால் இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை. கொக்கி 1 மீட்டர் உயர வேண்டுமானால் 4 மீட்டர் வடத்தை உருளையில் சுற்ற வேண்டும்.

களைத்துப்போகும் உலோகம்

ஒரு காகிதக் கவ்வியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கம்பியை ஒரு முறை வளைத்தால் உடைவதில்லை. அதே இடத்தில் மாறி மாறி வளைத்துக்கொண்டே இருந்தால் சிறிது நேரத்தில் பட்டென்று முறிந்துவிடும். ஒவ்வொரு முறையும் நீங்கள் கொடுத்தது ஒரே விசைதான். ஆனால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஒன்று உள்ளே தோன்றி, ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தது. இதற்கு உலோகச் சோர்வு என்று பெயர்.

இந்த உண்மை பளுதூக்கும் தொழிலில்தான் முதலில் கவனிக்கப்பட்டது. ஜெர்மனியின் ஹார்ஸ் மலைப் பகுதிச் சுரங்கங்களில் தாதுவை மேலே இழுக்க இரும்புச் சங்கிலிகளைப் பயன்படுத்தினர். நேற்று வரை நன்றாகத் தூக்கிய சங்கிலி இன்று அதே சுமைக்கு அறுந்து விழுந்தது. சுரங்க அதிகாரி வில்ஹெல்ம் ஆல்பர்ட் சங்கிலிகளுக்கு மீண்டும் மீண்டும் சுமை கொடுத்துச் சோதித்தார். பிறகு 1834ஆம் ஆண்டில், இரும்புக் கம்பிகளை முறுக்கி வடம் செய்தார். நான்கு கம்பிகள் கொண்ட மூன்று புரிகள், ஆக மொத்தம் 12 கம்பிகள். சங்கிலியில் ஒரு வளையம் உடைந்தால் எல்லாம் போயிற்று. வடத்தில் ஒரு கம்பி அறுந்தாலும் மற்றவை தாங்கும். அறுந்த கம்பி, “என்னைக் கவனி” என்று முன்கூட்டியே எச்சரிக்கவும் செய்யும். இன்றைய பாரந்தூக்கி வடங்கள் அதன் வழித்தோன்றல்களே.

பாதிச் சுமை, எட்டில் ஒரு பங்கு தேய்மானம்

இப்போது புதிருக்கு வருவோம். பாரந்தூக்கிகளுக்கான அனைத்துலகத் தரநிலைகள் தேய்மானத்தைக் கணக்கிட ஒரு விதியைப் பயன்படுத்துகின்றன: தேய்மானம் சுமையின் மும்மடிக்கு ஏற்ப மாறும். முழுச் சுமையைத் தூக்கும்போது தேய்மானம் 1 என்றால், பாதிச் சுமைக்கு ½ × ½ × ½ = ⅛ மட்டுமே.

தூக்குப் பொறிகளை எம்1 முதல் எம்8 வரை வகைப்படுத்துவார்கள். ஐரோப்பியப் பொறியாளர்களின் விதிப்படி, எம்4 வகை முழுச் சுமையுடன் 800 மணி நேரம் ஓடுவதற்கு ஏற்றது. எம்5 வகை 1,600 மணி நேரம், எம்6 வகை 3,200 மணி நேரம். ஒவ்வொரு படியிலும் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. இங்கே மணி நேரம் என்பது தூக்குப் பொறியின் மோட்டார் உண்மையிலேயே ஓடிய நேரம்.

நம் இரு தொழிற்சாலைகளும் வாங்கியது எம்5 வகை. இரண்டிலும் மோட்டார் நாளொன்றுக்கு 2 மணி நேரம், ஆண்டுக்கு 250 நாள் ஓடுகிறது. அதாவது ஆண்டுக்கு 500 மணி நேரம்.

முதல் தொழிற்சாலை எப்போதும் 5 டன் தூக்குகிறது. 1,600ஐ 500ஆல் வகுத்தால் 3.2 ஆண்டுகள்.

இரண்டாவது தொழிற்சாலை எப்போதும் 2.5 டன் தூக்குகிறது. அதன் 500 மணி நேரம் 62.5 முழுச் சுமை மணி நேரத்துக்குச் சமம். 1,600ஐ 62.5ஆல் வகுத்தால் 25.6 ஆண்டுகள்!

கொக்கியின் சொந்த எடையை நாம் சேர்க்கவில்லை என்பதால் இது தோராயக் கணக்குதான். கணக்கிட்ட காலம் முடிந்த மறுநாளே பொறி அறுந்து விழும் என்பதும் இதன் பொருளன்று. பொறியைப் பிரித்து, பல்லிணைகளையும் தாங்கிகளையும் ஆராய்ந்து, தேவையானவற்றை மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது என்பதே பொருள். இந்தக் கணக்கை வைத்துக்கொள்ளாத தொழிற்சாலைக்கு அந்த நேரம் வந்ததே தெரியாது. பாரந்தூக்கி வெளிப்பார்வைக்குப் புதிதுபோல் இருக்கும். அதன் கீழே மனிதர்கள் நடமாடிக்கொண்டிருப்பார்கள்.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

ஆகவே, “எத்தனை டன்?” என்ற ஒரு கேள்வி போதாது. நாளுக்கு எத்தனை முறை, வழக்கமாக எவ்வளவு சுமை, எத்தனை ஆண்டுகளுக்கு என்றும் கேட்க வேண்டும். மின்நிலையத்தில் விசையாழியைத் தூக்கும் பாரந்தூக்கி மிகப் பெரியது. ஆனால் பராமரிப்புக் காலத்தில் மட்டுமே அதற்கு வேலை. இரும்புக் கழிவை அள்ளும் பாரந்தூக்கி அதைவிடச் சிறியது. ஆனால் இரவு பகலாக ஓடும். சிறியதற்குத்தான் உயர்ந்த வகை தேவை!

அடுத்து, இரு தண்டவாளங்களுக்கும் இடையிலான தூரம். அதே உத்திரம், அதே சுமை என்றால், இந்தத் தூரம் இரட்டிப்பாகும்போது உத்திரத்தின் தொய்வு எட்டு மடங்காகும். அதனால்தான் அகன்ற கூடங்களுக்கும் கனமான சுமைகளுக்கும் இரட்டை உத்திரம் அமைப்பார்கள். கொக்கி இரு உத்திரங்களுக்கும் நடுவே ஏற முடிவதால் கூடுதல் உயரமும் கிடைக்கும். வெப்பம், தூசு, கடற்காற்றின் உப்பு ஆகியவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அன்றாடக் கவனிப்பு

வேலை தொடங்கும் முன் இயக்குபவர் சில சோதனைகளைச் செய்வார். முதலில் பிரேக். நம் மிதிவண்டியில் அழுத்தினால்தான் பிரேக் பிடிக்கும். இங்கே நேர்மாறு. சுருள்வில் எப்போதும் பிரேக்கை இறுக்கிப் பிடித்திருக்கும். மின்காந்தம்தான் அதை விடுவிக்கும். மின்தடை ஏற்பட்டால் பிரேக் தானாக இறுகி, சுமை அந்தரத்தில் நிற்கும்.

அடுத்து எல்லைச் சுவிட்ச். கொக்கி உருளையில் போய் மோதாமல் நிறுத்துவது இதுவே. பிறகு கொக்கி. அதன் வாய் விரிந்திருந்தால் அளவுக்கு மீறிய சுமை ஏறியிருக்கலாம்.

வடத்தில் அறுந்த கம்பிகளை எண்ணுவதற்கும் முறை உண்டு. வடத்தின் விட்டத்தைப் போல் 6 மடங்கு நீளத்திலும் 30 மடங்கு நீளத்திலும் எண்ணுவார்கள். 10 மில்லிமீட்டர் வடம் என்றால், 60 மில்லிமீட்டரிலும் 300 மில்லிமீட்டரிலும். எண்ணிக்கை வரம்பைத் தொட்டால் வடத்தை மாற்றியாக வேண்டும். சுமையைப் பக்கவாட்டில் இழுப்பதும் கூடாது. அப்படி இழுத்தால் வடம் உருளையின் பள்ளத்தை விட்டு விலகி நசுங்கும். தரையை விட்டு எழுந்ததும் சுமை ஊசலாடி ஆளை மோதும்.

சிங்கப்பூரில் பாரந்தூக்கிகளை அங்கீகாரம் பெற்ற பரிசோதகர் 12 மாதங்களுக்கு ஒரு முறையாவது சோதிக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் ஆண்டுக்கு ஒரு முறை வருபவரால் ஒவ்வொரு நாளையும் பார்க்க முடியாது. மற்ற நாள்களில் கொக்கியையும் வடத்தையும் பார்க்கும் கண்கள் அங்கு வேலை செய்பவர்களுடையவை. சந்தேகம் வந்தால் வேலையை நிறுத்துபவரே நல்ல இயக்குநர்.

கணக்கிட்டுப் பாருங்கள்

மூன்றாவது தொழிற்சாலை ஒன்றிலும் அதே எம்5 தூக்குப் பொறி ஆண்டுக்கு 500 மணி நேரம் ஓடுகிறது. பாதி நேரம் 5 டன்னும், மீதி நேரம் 2.5 டன்னும் தூக்குகிறது. அது எத்தனை ஆண்டுகள் உழைக்கும்? மொத்தத் தேய்மானத்தில் 5 டன் சுமைகளின் பங்கு எவ்வளவு?

(விடை: ஏறத்தாழ 5.7 ஆண்டுகள். ஆண்டுக்கு வரும் 281.25 முழுச் சுமை மணி நேரத்தில் 250 மணி நேரம், அதாவது ஏறக்குறைய 89 விழுக்காடு, 5 டன் சுமைகளால் வந்தது.)